ஏற்றத்துக்கு அஞ்சுகிறீர்கள், இறக்கத்தைக் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு வயது 41. சென்னையில் கடற்கரைச் சாலையில் மட்டுமே ஓடிப் பழகியவன். செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் சதாரா மலை அரை மராத்தானில் ஓடப் பதிவு செய்திருக்கிறேன். மேடே இல்லாத ஊரில் எப்படித் தயாராவது? பயிற்சியாளர் ஒருவர், போட்டிக்கு முந்தைய வாரம் ஏற்காட்டில் இரண்டு நாள் முகாமும் மூச்சுப் பயிற்சி மாஸ்க்கும் சேர்த்து ஒரு பேக்கேஜ் சொல்கிறார். சேரலாமா?

பதில்: வேண்டாம். சதாரா நகரிலிருந்து யவதேஷ்வர் மலைச்சாலையில் ஏறி, காஸ் பீடபூமிக்குச் செல்லும் வழியில் பாதித் தொலைவில் திரும்பி, ஏறிய சாலையிலேயே இறங்க வேண்டிய போட்டி அது. சமதளத்தில் ஓடிப் பழகியவர்களின் கால்கள் பெரும்பாலும் இறக்கத்தில்தான் தோற்கின்றன. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டபடியே உடல் எடையைத் தாங்குவதால் அதன் இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. வலி அடுத்த இரண்டு மூன்று நாள்களுக்கு நீடிக்கும். ஒருமுறை இப்படி அடிபட்டுத் தேறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைக் குறைந்த சேதத்துடன் செய்யும். ஆகவே கடைசிக் கடுமையான இறக்கம் போட்டிக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். முந்தைய வாரத்தில் உங்களை மலைக்கு அழைத்துச் செல்பவர், வலிக்கும் கால்களுடன் உங்களைப் போட்டிக்கு அனுப்பிவைப்பார், அதற்குக் கட்டணமும் வாங்கிக்கொண்டு. அந்த மாஸ்க் மூச்சிழுப்பதைச் சிரமமாக்குமே தவிர, ஆக்ஸிஜன் குறைந்த மலைக்காற்றை உருவாக்காது.

ஏற்றத்துக்கு, வாரம் ஒருமுறை டிரெட்மில்லில் 5 சதவீதச் சாய்வில் நான்கு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று ஐந்து முறை போதும். வேகத்தைப் பார்க்காமல், ஒரு சிறு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். இறக்கத்தைச் சாதாரண டிரெட்மில் கற்றுத்தராது. பத்து நாளுக்கு ஒருமுறை, விடியற்காலையில் பரங்கிமலைச் சாலையில் நடந்து ஏறி, குறுகிய அடிகளாக ஓடி இறங்குங்கள். நான்கு முறையில் தொடங்கி எட்டு வரை உயர்த்தலாம். விளையாட்டரங்கப் படிக்கட்டுகள் இதைவிட வசதியானவை. ஆனால் மக்கள் பணத்தில் கட்டிய அரங்குகளை மக்கள் ஓட வரும் நேரத்தில் பூட்டி வைப்பதுதானே நம் வழக்கம்!

ஒரு விதிவிலக்கு உண்டு. வீட்டு மாடிப்படி இறங்கும்போதே முழங்கால் சில்லைச் சுற்றி வலித்தால், இறக்கப் பயிற்சியைத் தொடங்கவே கூடாது. ஓடிய மறுநாள் தொடை முழுவதும் பரவலாக வலிப்பது வேறு, சில்லின் விளிம்பில் ஓரிடத்தில் குத்துவது வேறு. முன்னது தானே அடங்கும், பின்னது ஓட ஓட வளரும். ஏற்றத்தில் வலி இல்லையே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள், இறக்கத்தில்தான் அது தெரியும். பயிற்சியாளரிடமோ காலணிக் கடைக்காரரிடமோ கேட்காமல், இயன்முறை மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.