"இன்னும் படிக்கிறயா?" – நெட்வொர்க் ஆராய்ச்சி பத்தி கேட்டதும் சொன்னதும்

பொறந்தது கேரளா பாலக்காடு மாவட்டத்து வேலந்தாவளம், படிச்சது பக்கத்துல கொழிஞ்சாம்பாறையில தமிழ் மீடியம். இப்போ பெங்களூருல ஒரு ஆய்வுக்கூடத்துல கம்ப்யூட்டர் நெட்வொர்க் ஆராய்ச்சி பண்றேன். ஓணம் லீவுக்கு ஊருக்கு வந்திருக்கேன், கேளுங்கன்னு சொன்னது தப்பாப் போச்சு. மழை மாதிரி வந்துடுச்சு. முடிஞ்சதுக்குப் பதில் சொல்றேன்.

கஞ்சிக்கோடு, டிப்ளமோ மாணவர்: அக்கா, நான் சிசிஎன்ஏங்கற நெட்வொர்க் சான்றிதழுக்குப் படிக்கிறேன். ரவுட்டர் கான்ஃபிகர் பண்ணிடுவேன். நீங்க செய்யறதும் அதுதானா?

இல்ல தம்பி. நெட்வொர்க்கை ஓட வைக்கிறது உங்க வேலை. அது ஏன் இப்படி ஓடுதுன்னு நோண்டுறது என் வேலை. ரவுட்டர் கமாண்டெல்லாம் நான் இன்னும் பார்த்துப் பார்த்துத்தான் அடிப்பேன். உங்ககிட்ட இருக்கிற கைப்பழக்கம் எனக்குக் கிடையாது.

சித்தூர் கல்லூரி மாணவி: உங்க ஒரு நாள் எப்படிப் போகும்?

பாதி நாள் என் கணக்கையே நான் சந்தேகப்படுறதுல போயிடும். விளையாட்டுக்குச் சொல்லல. பிஎச்டி ரெண்டாம் வருஷம், ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல பாக்கெட் (நெட்வொர்க்ல தகவலைத் துண்டு துண்டா அனுப்புவாங்க, அதுல ஒரு துண்டு) போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு மூணு வாரம் அளந்தேன். ராத்திரியானா வேகமாப் போகுது! வளைவு அவ்வளவு அழகு. கைடுகிட்ட ஓடிப்போய்க் காட்டினேன். அவர் ஒண்ணும் பேசாம படத்தோட அடியில ஒரு புள்ளி மேல விரலை வெச்சார். அந்தப் பாக்கெட் அனுப்புறதுக்கு முன்னாடியே வந்து சேர்ந்திருந்தது.

ரெண்டு மெஷினோட கடிகாரமும் ஒத்துப்போகல. லேப்ல ராத்திரி ஏசியை அணைச்சுடுவாங்க. சூடு ஏறினா கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற படிகத்தோட துடிப்பு மாறும், கடிகாரம் நழுவும். மூணு வாரமா நான் அளந்தது நெட்வொர்க்கை இல்ல, ஏசியை.

மிச்ச நேரம் டிசிபிடம்ப், வயர்ஷார்க்ங்கற மென்பொருள்ல பாக்கெட் பார்க்கறது, கோடு எழுதறது, அடுத்தவங்க கட்டுரையைப் படிச்சுக் குறை சொல்றது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், சித்தூர் தாலுகா: ஒரே லைனை ஆயிரம் பேர் பயன்படுத்துகிறார்கள். யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது யாரம்மா?

யாருமே இல்லைங்க ஐயா. எனக்கு இந்தத் துறை மேல பித்துப் பிடிச்சதே அதனாலதான். ஆளியாறு தண்ணிக்குத் தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் ஒப்பந்தம் இருக்கு, மணக்கடவுல வருஷத்துக்கு 7.25 டிஎம்சி வரணும்னு கணக்கு இருக்கு, மூலத்தறையில ஷட்டர் இருக்கு. இன்டர்நெட்ல ஷட்டர் பிடிக்க ஆளே கிடையாது. அனுப்புற ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தானாப் பார்த்து அடங்கணும்.

அடங்காம ஒரு தடவை எல்லாம் படுத்துடுச்சு. 1986 அக்டோபர். அமெரிக்காவுல லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவுல 400 கஜம்தான் தூரம். நொடிக்கு 32,000 பிட் போயிட்டிருந்த இடத்துல 40 பிட்டுக்கு இறங்கிடுச்சு. ஏன்னு துருவினவர் வான் ஜேக்கப்சன். 1988-ல கட்டுரையா எழுதினார். சுருக்கமாச் சொன்னா, மெல்ல மெல்ல வேகத்தைக் கூட்டு, பாக்கெட் தொலைஞ்சா பாதை நெரியுதுன்னு புரிஞ்சுக்கிட்டுச் சட்டுனு குறை.

ஆனா இதுலயும் கடைமடைப் பிரச்சினை உண்டு. பாக்கெட் போய்ப் பதில் திரும்பி வந்தாத்தான் அடுத்த படி ஏற முடியும். பக்கத்து சர்வருக்குப் பதில் சீக்கிரம் வரும், அது மளமளன்னு ஏறிக்கும். தூரத்துல இருக்கிறது கடைமடை வயல் மாதிரி காஞ்சுட்டு நிக்கும். லினக்ஸ்ல 2006-ல வந்த கியூபிக் முறை இந்தக் குறையை ஓரளவு தணிச்சது. 2016-ல கூகுள் பிபிஆர்னு வேற முறை கொண்டுவந்தாங்க. அதோட முதல் வடிவம் சில இடங்கள்ல பக்கத்து கியூபிக்கோட பங்கையும் சேர்த்து உறிஞ்சுதுன்னு பலர் அளந்து காட்டினாங்க. சண்டை இன்னும் ஓயல. எங்க பொழைப்பும் அதுலதான் ஓடுது.

கோவிந்தாபுரம், ஃபைபர் கனெக்‌ஷன் கொடுக்கிறவர்: 100 எம்பிபிஎஸ் சரியாத்தான் கொடுக்கிறேன். வீடியோ கால் இழுக்குதுன்னு திட்டு வாங்கறேன். என் தப்பா?

முழுக்க உங்க தப்பு இல்லீங்க அண்ணா. 2017-ல ஜிஎஸ்டி வர்றதுக்கு முன்னாடி வாளையார்ல லாரி நின்ன வரிசை ஞாபகம் இருக்கா? ரோட்டுல குறையில்ல, வண்டியிலயும் குறையில்ல, நேரம் போனதெல்லாம் வரிசையில. அதே கதைதான். வீட்டுல ஒருத்தர் போட்டோவெல்லாம் பேக்கப் போட்டா, மோடத்துக்குள்ள பாக்கெட்டுங்க வரிசை கட்டிடும், கால் பேசறவரோட குரல் அதுக்குப் பின்னாடி நிக்கும். பாக்கெட் விழக்கூடாதுன்னு அந்த வரிசை நிக்கிற இடத்தை மோடம் கம்பெனிங்க பெருசாக்கினதுதான் வினை. 2012-ல வந்த கோடெல் முறை, வரிசை எவ்வளவு நீளம்னு பார்க்காம, பாக்கெட் எவ்வளவு நேரம் காத்து நின்னுதுன்னு பார்க்கும். 100 மில்லிசெகண்ட் நேரமா அந்தக் காத்திருப்பு 5 மில்லிசெகண்டுக்குக் கீழ இறங்கவே இல்லைன்னா, ஒரு பாக்கெட்டைத் தூக்கிப் போட்டு அனுப்புறவனுக்கு உணர்த்தும். ரவுட்டர்ல இப்படி வரிசையை அடக்குற எஸ்க்யூஎம்னு ஒரு வசதி இருந்தா ஆன் பண்ணிப் பாருங்க.

ஒரு அம்மா, எருத்தேம்பதி: பொண்ணு பிஎச்டி பண்ணணும்ங்கறா. சோத்துக்கு வழி இருக்குமா?

இருக்கும்ங்க அம்மா. ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைச்சா 2023-ல இருந்து மாசம் 37,000. பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகைன்னா தொடக்கத்துலயே 70,000. அஞ்சு வருஷம், சிலருக்கு ஆறு. பணத்தை விடக் கல்யாண வீட்டுல "இன்னும் படிக்கிறயா?"ன்னு கேக்கறதுதான் தாங்காது. அதுக்கு மட்டும் நீங்க முன்னாடி நின்னு பதில் சொல்லிடுங்க.

பந்தயப் புறா வளர்க்கிற தம்பி: புறாவுல இன்டர்நெட் அனுப்பினாங்களாமே, நெசமா?

நெசம்தான். 1990 ஏப்ரல் 1 அன்னைக்கு முட்டாள் தின வேடிக்கையா, புறாவுல பாக்கெட் அனுப்புற முறைன்னு ஆர்எஃப்சி 1149 வந்தது. ஆர்எஃப்சின்னா இன்டர்நெட் விதிமுறைகளை எழுதி வைக்கிற ஆவணம். 2001-ல நார்வேயில பெர்கன்ங்கற ஊர்க்காரங்க செஞ்சே பார்த்தாங்க. 9 பாக்கெட் விட்டு 4-க்குத்தான் பதில். உங்க புறாவைக் கொடுத்திருந்தா கதையே வேற.

வேலந்தாவளம், கேம் ஆடுறவர்: கோயம்புத்தூர் சர்வர் கூப்பிடு தூரத்துல. பிங், அதாவது போய்த் திரும்பி வர்ற நேரம், 40 மில்லிசெகண்ட் ஏன்?

இதுதான் கேள்வி! கண்ணாடி இழையில ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 30 கிலோமீட்டர் போய் வர 0.3 மில்லிசெகண்ட் போதும். ஆனா உங்க இன்டர்நெட் கம்பெனியும் அந்த சர்வர் இருக்கிற கம்பெனியும் கோயம்புத்தூர்ல கைகோர்க்கலைன்னா, பாக்கெட் சென்னையோ மும்பையோ போய்த்தான் மாறி வரணும். வேலி தாண்டினா பக்கத்து வீடு, ஆனா வாசல் அடுத்த தெருவுல. எங்க வீட்டுலயும் இதே கூத்துதான். காலையில ஒண்ணு, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒண்ணு டிரேஸ்ரூட் (பாக்கெட் எந்த வழியாப் போகுதுன்னு காட்டுற கமாண்ட்) எடுத்து முழுசா எனக்கு அனுப்பி வைங்க. கிளம்புறதுக்குள்ள ரெண்டையும் சேர்த்து வெச்சுப் பார்த்துடலாம்.