மகள் நிருபராக வேண்டும் என்கிறார்: எந்த நிருபர் என்று முதலில் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் டூ தேர்வில் வணிகவியல் பிரிவில் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கும் தங்கள் மகள், பி.காம். வேண்டாம், நிருபராகத்தான் போவேன் என்று பிடிவாதமாக நிற்பதாகவும், அதனால் வீட்டில் பத்து நாட்களாக யாரும் யாருடனும் சரியாகப் பேசுவதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். 'இந்த வேலைக்கு எதிர்காலம் உண்டா?' என்ற தங்கள் கேள்விக்கு விடை சொல்வதற்கு முன்பாக, அவர் மனத்தில் இருப்பது எந்த வேலை என்பது தெரிந்தாக வேண்டும். வெள்ளநீரில் மைக்குடன் நிற்பவர், இரவு விவாதத்தை நடத்துபவர், செய்தி வாசிப்பவர், நாளிதழில் தலைப்பு எழுதுபவர் ஆகிய நால்வரும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே தொழிலில் இருப்பவர்களாகத்தான் தெரிவார்கள். ஆனால் ஒருவர் வேலைக்கு வேண்டிய குணம் இன்னொருவர் வேலைக்கு உதவாது.

1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டமே இந்தச் சொல்லுக்குள் ஆசிரியர், தலையங்கம் எழுதுபவர், செய்தி ஆசிரியர், உதவி ஆசிரியர், நிருபர், கேலிச்சித்திரக்காரர், செய்திப் புகைப்படக்காரர், மெய்ப்புத் திருத்துபவர் என்று பலரை வரிசையாகச் சேர்த்திருந்தது. நிருபம் என்பது கடிதத்துக்கான பழைய சொல். தொலைபேசி அரிதாக இருந்த காலத்தில் வெளியூர் நிருபர் உண்மையிலேயே தபாலில்தான் செய்தி அனுப்பினார். இன்று தாலுகா அளவில் இருப்பவர் பெரும்பாலும் பகுதிநேர நிருபர். அவருக்கு மேல் மாவட்ட நிருபர், தலைமை நிருபர், அரசியலையும் சட்டமன்றத்தையும் தொடர்ந்து கவனிக்கும் சிறப்பு நிருபர் என்று படிகள் உண்டு. சென்னையில் வேலையை 'பீட்', அதாவது ஒருவர் தொடர்ந்து கவனிக்க வேண்டிய துறை, வாரியாகப் பிரித்துக் கொடுப்பார்கள். கிரைம், கோர்ட், மாநகராட்சி, கோட்டை என்று பேசிக்கொள்வார்கள்; கோட்டை என்றால் தலைமைச் செயலகம். தொலைக்காட்சியில் களத்துக்குப் போகிறவரைச் செய்தியாளர் என்றும், விவாதம் நடத்துபவரை நெறியாளர் என்றும் அழைக்கிறார்கள். செய்தி வாசிப்பாளர் வாசிக்கும் வரிகளைப் பெரும்பாலும் வேறொருவர் எழுதியிருப்பார்.

பெற்றோர் அதிகம் அறியாத ஆள், நிருபர் அனுப்பும் செய்தியைச் சரிபார்த்துத் திருத்தும் உதவி ஆசிரியர். (பதவிப் பெயரைக் கேட்டு, எந்தப் பள்ளியில் என்று விசாரிக்கும் உறவினர்கள் இப்போதும் இருக்கிறார்கள். துணை ஆசிரியர், உதவி ஆசிரியர் என்ற பெயர்களின் பொருளும் பத்திரிகைக்குப் பத்திரிகை மாறும் என்பதால், வேலையில் சேரும்போது பதவியைக் கேட்பதைவிடப் பணி என்ன என்று கேட்பதே நல்லது.) புறவழிச்சாலையில் மாலை ஆறு மணிக்கு வேனும் லாரியும் மோதியதாக வைத்துக்கொள்வோம். நிருபர் சம்பவ இடத்துக்குப் போகிறார், பிறகு அரசு மருத்துவமனைக்கு, பிறகு காவல் நிலையத்துக்கு. ஆய்வாளர் இறந்தவர்கள் இருவர் என்கிறார், பிணவறை ஊழியர் மூவர் என்கிறார். 'கோர விபத்து' என்று தொடங்கி நிருபர் அனுப்பும் செய்தியை எட்டரை மணிக்குப் பார்க்கும் உதவி ஆசிரியர், முதலில் அந்தக் 'கோர'த்தை அடித்துவிட்டு, தொலைபேசியில் கூப்பிட்டு, மூன்றாமவர் வழியில் இறந்தாரா, மருத்துவமனையிலா, வயது 42ஆ 47ஆ, முன்னெழுத்து என்ன, ஊர் எந்த ஒன்றியம் என்று கேட்பார். பதிப்பு முடியும் நேரத்துக்குள் அத்தனைக்கும் பதில் வர வேண்டும். தெரியாதவர்களிடம் நின்று, மறுபடி மறுபடி கேட்கக் கூசாதவருக்கு நிருபர் வேலை. ஓரிடத்தில் அமர்ந்து எழுத்துப்பிழையைக் கண்டால் பொறுக்க முடியாதவருக்கு உதவி ஆசிரியர் வேலை. தங்கள் மகள் இவ்விருவரில் யார் என்பதை என்னைவிடத் தாங்களே நன்றாக அறிவீர்கள்.

வருமானத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். கணினி நிறுவனத்தில் சேரும் தோழியைவிடத் தொடக்கத்தில் குறைவாகத்தான் கிடைக்கும். பகுதிநேர நிருபர்களில் பலருக்கு மாதச் சம்பளமே கிடையாது. சில இடங்களில் செய்தியோடு விளம்பரமும் பிடித்துத் தர வேண்டியிருக்கும், அதில் வரும் கமிஷன்தான் வருமானம். செய்தியாளர் சந்திப்பு முடிந்ததும் கையில் திணிக்கப்படும் 'கவர்', அதாவது பண உறை, பற்றியும் அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். முதல் முறை வாங்க மறுப்பது எளிது, ஐந்தாவது முறை மறுப்பது கடினம். வண்டியில் 'பிரஸ்' என்று ஒட்டிக்கொள்ள அடையாள அட்டை தருகிறோம், இவ்வளவு பணம் கட்டுங்கள் என்று யாராவது கேட்டால், அது வேலை அல்ல.

படிப்பு விஷயத்தில், விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படித்தால் நிருபராகலாம் என்று பலர் நம்புகிறார்கள். அந்தப் படிப்பின் பெரும்பகுதி ஒளிப்பதிவு, வடிவமைப்பு, விளம்பரம், திரைப்படம் ஆகியவற்றைச் சார்ந்தது. கேமரா பிடிக்க விரும்புகிறவருக்கு அது பொருத்தமானதுதான். எழுத விரும்புகிறவருக்கு என் பரிந்துரை, பொருளியலோ வரலாறோ சட்டமோ ஒரு துறையை ஒழுங்காகப் படித்துவிட்டு, பிறகு சென்னையிலுள்ள ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தின் ஓராண்டு முதுநிலைப் பட்டயம் போன்ற ஒன்றில் தொழிலைக் கற்பதாகும். அந்தத் துறை பி.காம்.ஆகவும் இருக்கலாம் என்பதால், தாங்கள் அஞ்சும் பி.காம். சண்டையும் இதில் பாதி தீர்ந்துவிடும். மாநகராட்சியின் வரவு செலவு அறிக்கையைப் புரட்டி, எந்தத் தொகை எங்கே போனது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த நிருபர்கள் மிகக் குறைவு. கல்லூரியில் படிக்கும்போதே விகடனின் மாணவப் பத்திரிகையாளர் பயிற்சித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

சட்டமும் கொஞ்சம் தெரிய வேண்டும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் பெறலாம் என்பது நிருபருக்குப் பெரிய ஆயுதம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், பள்ளி போன்ற அடையாளங்களை வெளியிடுவதைத் தடுக்கிறது. பெயரை மட்டும் மாற்றிவிட்டுத் தெருவையும் பள்ளியையும் எழுதுகிற அவசரக்காரர் அந்தக் குழந்தைக்கு இரண்டாவது முறை தீங்கு செய்கிறார்.

இரவுப் பணி பற்றிய தங்கள் கவலை நியாயமானது. நேர்காணலில், இரவில் வீடு திரும்ப அலுவலக வாகனம் உண்டா என்று கேட்கத் தயங்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். கேட்கத் தயங்குகிறவர் நிருபராவதும் கடினம்.

சேர்க்கைப் படிவத்தை நிரப்புவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வரும் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கும்போது அவரை அழைத்துச் செல்லுங்கள். வரிசையில் நிற்கும் ஒருவரிடம் தான் மாணவி என்று சொல்லிவிட்டு, மனுவில் என்ன இருக்கிறது, இது எத்தனையாவது முறை, முன்பு கொடுத்த மனுவுக்கு என்ன பதில் வந்தது என்று அவர் கேட்கட்டும். தாங்கள் தள்ளி, மரத்தடியில் நில்லுங்கள். அன்று மாலை ஆறு மணிக்குள் இருநூறு சொற்களில் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். எழுத்து எப்படியிருந்தாலும் பரவாயில்லை. மனு கொடுத்தவருடைய ஊரும் மனுவின் தேதியும் சரியாக இருக்கின்றனவா என்றுதான் முதலில் பார்ப்பேன்.