யூடியூப் ஓடுது, பேங்க் சைட் மட்டும் திறக்கலை: லினக்ஸ் லேப்டாப் கேள்வி பதில்

கேள்வி (தண்டையார்பேட்டை வாசகி): கல்லூரிக்குப் போகும் மகளுக்காகப் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினோம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டில் கேபிள்காரர் மூலம் வாங்கிய ஃபைபர் இணைப்பு. யூடியூப், கூகுள், ஜிமெயில் எல்லாம் நன்றாக ஓடுகின்றன. வங்கி தளமும் கல்லூரிக் கட்டணப் பக்கமும் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் 'டைம்டு அவுட்' என்று நின்றுவிடுகின்றன. என் செல்போனில் இதே தளங்கள் திறக்கின்றன. தம்பியின் விண்டோஸ் லேப்டாப்பை எங்கள் வைஃபையில் போட்டால் கொஞ்சம் தாமதித்துத் திறக்கின்றன. "லினக்ஸ்னாலே இப்படித்தான், 1,500 ரூபாய் கொடுங்க, விண்டோஸ் போட்டுத் தர்றேன்" என்கிறார் கடைக்காரர். போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கோளாறு லேப்டாப்பில் இல்லை, இணைப்பில் இருக்கிறது. பத்து நிமிடத்தில், செலவில்லாமல் இதை உறுதி செய்துகொள்ளலாம்.

முதலில் செல்போனில் வைஃபையை அணைத்துவிட்டு ஹாட்ஸ்பாட் போடுங்கள். வைஃபையை அணைப்பது முக்கியம், ஏனென்றால் சில போன்கள் வீட்டு வைஃபையையே ஹாட்ஸ்பாட் வழியாக மறுபடி கொடுக்கும். லேப்டாப்பை அந்த ஹாட்ஸ்பாட்டில் இணைத்து வங்கி தளத்தைத் திறந்து பாருங்கள். திறந்துவிட்டால் லேப்டாப்பும் லினக்ஸும் நன்றாக இருக்கின்றன என்று பொருள். அடுத்து மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, போனை வீட்டு வைஃபையில் மட்டும் வைத்து, அதே தளத்தை ஆப்பில் பார்க்காமல் பிரவுசரில் திறந்து பாருங்கள். வைஃபை சொதப்பும்போது போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும். "போனில் திறக்கிறதே" என்று பலர் ஏமாறுவது இங்கேதான்.

சில தளங்கள் மட்டும் மாட்டுவதற்குக் காரணம் பொட்டலத்தின் அளவு. இணையத்தில் தகவல் சிறு சிறு பாக்கெட்டாகப் போகிறது. ஒரு பாக்கெட் அதிகபட்சம் எத்தனை பைட் இருக்கலாம் என்பதற்கு எம்டியு என்று பெயர். வீட்டு நெட்வொர்க்கில் அது 1500. யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணைகிற ஃபைபர் லைன்களில் பெரும்பாலும் பிபிபிஓஇ என்ற முறை இருக்கும். அது ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்வதால் மிஞ்சுவது 1492. வழியில் கேபிள்காரர் பக்கம் இன்னொரு டனல் (பாக்கெட்டை வேறொரு பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பும் முறை) இருந்தால் இன்னும் குறையும்.

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஒன்று ரயில்வே சப்வேக்கு வந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். உயரக் கம்பி இடிக்கும் என்று யாராவது சொன்னால், அனுப்பிய இடத்திலிருந்து சின்ன வண்டியாக மாற்றி அனுப்புவார்கள். இணையத்திலும் 'பாக்கெட் பெரிது, குறைத்து அனுப்பு' என்று திருப்பிச் சொல்ல ஐசிஎம்பி என்ற செய்தி உண்டு. பாதுகாப்பு என்று நினைத்து அந்தச் செய்தியைச் சில இடங்களில் ஃபயர்வாலில் அடைத்துவிடுகிறார்கள். வங்கி சர்வர் 1500 பைட் பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது, அது வழியிலேயே தொலைகிறது, யாரும் யாருக்கும் சொல்வதில்லை. பூட்டுக்குறி போட்ட தளம் எதுவாக இருந்தாலும் முதலில் வருவது 'நான் உண்மையான தளம்தான்' என்று காட்டும் அதன் சான்றிதழ். அது சில ஆயிரம் பைட் இருக்கும் என்பதால் பெரிய பாக்கெட்டாகத்தான் வரும். அதனால்தான் பக்கத்தில் ஒரு எழுத்துகூட வராமல் ஆரம்பத்திலேயே சுற்றுகிறது.

கூகுள் தளங்கள் ஓடுவது ஏன்? குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் கூகுளோடு க்விக் என்ற முறையில் பேசுகின்றன. அது 1200 பைட்டை ஒட்டிய சின்னப் பாக்கெட்டில்தான் பேச்சைத் தொடங்கும். விண்டோஸ், பதிலே வராவிட்டால் 'பாக்கெட் பெரிதாக இருக்குமோ' என்று தானே ஊகித்து, தான் அனுப்பும் பாக்கெட்டைக் குறைத்துக்கொள்ளும். உங்கள் தம்பியின் லேப்டாப்பில் வருகிற தாமதத்துக்கு அந்த ஊகிக்கும் நேரமும் ஒரு காரணமாக இருக்கலாம். இதே வசதி லினக்ஸிலும் இருக்கிறது, ஆனால் பொதுவாக அணைத்தே வைக்கப்பட்டிருக்கும்.

இனி சரிசெய்யும் வழி. மின்டில் கீழே இருக்கும் நெட்வொர்க் ஐகானை அழுத்தி 'நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ்' திறங்கள். உங்கள் வைஃபை பெயரைத் தேர்ந்தெடுத்து, கீழே உள்ள பல்சக்கரத்தை அழுத்துங்கள். 'வைஃபை' பக்கத்தின் கடைசியில் எம்டியு என்ற கட்டத்தில் 'ஆட்டோமேட்டிக்' என்றிருக்கும். அதில் 1400 என்று எழுதி 'சேவ்' கொடுங்கள். வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் மாற்றம் அமலுக்கு வராது. இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டுவில் சாதாரண வைஃபை செட்டிங்ஸில் இந்தக் கட்டம் கிடையாது. 'அட்வான்ஸ்டு நெட்வொர்க் கான்ஃபிகரேஷன்' என்று தேடினால் இதே ஜன்னல் வரும்.

1400-ல் வங்கி தளம் திறந்துவிட்டால் நோய் இதுதான். லேப்டாப் தன் அளவைக் குறைத்ததும், இணைப்பைத் தொடங்கும்போதே 'எனக்கு 1360 பைட்டுக்கு மேல் அனுப்பாதே' என்று சர்வரிடம் சொல்லிவிடுகிறது. தலைப்பு விவரங்களுக்கு 40 பைட் போனால் மிஞ்சுவது அந்த 1360. அடுத்து 1492 போட்டுப் பாருங்கள். அதிலும் திறந்தால் அப்படியே விடலாம், திறக்காவிட்டால் 1460, 1440 என்று இறங்கி வாருங்கள். 1400-லேயே விட்டுவிட்டாலும் மோசமில்லை, வேகத்தில் வித்தியாசம் தெரியாது. டெர்மினல் பழக்கம் உள்ளவர்கள், பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1464 பைட் பிங் அனுப்பிப் பார்க்கலாம். தலைப்பு 28 பைட் சேர்ந்து 1492 ஆகும். 1464 போய் 1472 போகாவிட்டால் லைனின் அளவு 1492 பக்கம் என்று தெரிந்துவிடும்.

இது லேப்டாப்பில் போடும் ஒட்டு மட்டுமே. உண்மையான வைத்தியம் ரூட்டரில் செய்ய வேண்டியது. பிபிபிஓஇ இணைப்பின் எம்டியுவை யாரோ கையால் 1500 என்று எழுதியிருந்தால் 1492 ஆக்க வேண்டும், பாக்கெட் அளவை ரூட்டரே குறைத்துச் சொல்லும் எம்எஸ்எஸ் கிளாம்ப்பிங் என்ற வசதி அணைந்திருந்தால் போட வேண்டும். கேபிள்காரரின் டெக்னீஷியனிடம் "நெட் ஸ்லோ" என்று சொல்லாதீர்கள், ஸ்பீடு டெஸ்ட் காட்டிவிட்டுப் போய்விடுவார். "எம்டியு 1400 போட்டால் திறக்கிறது, 1500-ல் திறக்கவில்லை, எம்எஸ்எஸ் கிளாம்ப் பண்ணிக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். அதற்கு முன்பே புது ரூட்டர் வாங்காதீர்கள். கோளாறு அவர் பக்கம் இருந்தால் எந்த ரூட்டர் வாங்கினாலும் இதே கதைதான்.

1400 போட்டும் திறக்கவில்லையா? அதே ஜன்னலில் 'ஐபிவி6' பக்கத்துக்குப் போய் 'டிஸேபிள்டு' வைத்துப் பாருங்கள். ஐபிவி6 என்பது இணைய முகவரிகளின் புதிய முறை. அது அடியோடு செத்திருந்தால் பிரவுசர் தானாகப் பழைய ஐபிவி4-க்குத் தாவிவிடும். அரைகுறையாக உயிரோடு இருந்தால்தான் தொல்லை. இணைப்பு கிடைத்துவிட்டதாக நினைத்துப் பிரவுசர் அங்கேயே காத்துக்கிடக்கும். அணைத்ததும் சரியானால் அதையும் டெக்னீஷியனிடம் சொல்லுங்கள்.

திரையில் வரும் வாசகத்தையும் கவனியுங்கள். சுற்றிக்கொண்டே இருந்தால்தான் மேலே சொன்னதெல்லாம். 'சர்வர் நாட் ஃபவுண்டு' என்று உடனே வந்தால் அது டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் வசதியின் கோளாறு. 'ஐபிவி4' பக்கத்தில் முறையை 'ஆட்டோமேட்டிக், அட்ரஸஸ் ஒன்லி' என்று மாற்றி, டிஎன்எஸ் கட்டத்தில் 1.1.1.1, 8.8.8.8 என்று கமா போட்டு எழுதுங்கள். 'ஆக்சஸ் டினைடு' என்று வந்தால் விபிஎன் (வேறு இடத்து சர்வர் வழியாக இணைக்கும் செயலி) ஏதும் ஓடுகிறதா என்று பாருங்கள். வெளிநாட்டு முகவரியிலிருந்து வந்தால் திறக்காத இந்திய அரசுத் தளங்கள் நிறைய. பிரவுசரில் சேர்த்த இலவச விபிஎன் எக்ஸ்டென்ஷனே போதும், இந்த வம்பை இழுத்துவர.

விண்டோஸ் விஷயம்: விண்டோஸ் வேண்டுமென்றால் வாங்கலாம், தவறில்லை. ஆனால் இந்தக் கோளாறுக்காக வாங்க வேண்டியதில்லை. 1,500 ரூபாய்க்கு உண்மையான லைசென்ஸ் தருகிறாரா என்று கேட்டு, பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி (காசிமேடு): ஒரு மாதம் மூடி வைத்திருந்த லினக்ஸ் லேப்டாப்பைத் திறந்தால், எல்லாத் தளத்திலும் 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று வருகிறது. மதர்போர்டு போய்விட்டது என்கிறார் சர்வீஸ்காரர்.

பதில்: கடிகாரத்தைப் பாருங்கள். தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் எந்தத் தளத்தின் சான்றிதழும் செல்லாது, அதனால் பிரவுசர் தடுக்கும். தேதியைக் கையால் சரிசெய்து, 'நெட்வொர்க் டைம்' ஆன் செய்யுங்கள். மறுபடி அணைத்து வைத்தால் தேதி திரும்பவும் ஓடிவிடுகிறது என்றால் போர்டில் இருக்கும் காயின் செல் தீர்ந்திருக்கிறது. பெரும்பாலும் அது சிஆர்2032. பல லேப்டாப்களில் வயரும் இரண்டு முள் கனெக்டரும் வைத்து வரும் என்பதால், பழையதைக் கழற்றி எடுத்துப்போய்க் காட்டி வாங்குங்கள். காயின் செல்லின் விலை சில பத்து ரூபாய்தான்.

நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டினால் பேட்டரிமீது குற்றமில்லை. ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால், உள்கடிகாரத்தை ஒன்று இந்திய நேரமாகவும் மற்றது யூடிசி என்ற உலகப் பொது நேரமாகவும் எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான தளங்கள் திறந்துவிடும், ஆனால் கடிகாரத்தை நம்பி ஆறு இலக்க எண் உண்டாக்கும் ஆத்தென்டிகேட்டர்கள் தவறான எண்ணைக் காட்டும்.

கேள்வி (பெரம்பூர்): பர்மா பஜாரிலோ ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ பழைய லினக்ஸ் லேப்டாப் வாங்கலாம் என்றிருக்கிறேன். இப்படித் தளங்கள் திறக்காத தொல்லை வராமல் இருக்க என்ன பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: கடையிலேயே உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, உங்கள் வங்கி தளத்தையும் நீங்கள் அடிக்கடி போகும் அரசுத் தளத்தையும் திறக்கச் சொல்லுங்கள். வங்கியின் முகப்பு வந்தால் போதும், லாகின் செய்ய வேண்டாம். கடை லேப்டாப்பில் பாஸ்வேர்டு தட்டவே கூடாது.

பிறகு பதிப்பைக் கேளுங்கள். உபுண்டு 16.04 மாதிரிப் பழையது இருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள். தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பின் சான்றிதழ்கள் சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று 2021 செப்டம்பர் 30-ல் காலாவதியானது. அப்டேட் செய்யாத பழைய லினக்ஸ்களில் அன்றைக்கே ஏராளமான தளங்களில் பிழை வரத் தொடங்கியது. இன்று போடுவதானால் உபுண்டு 22.04 அல்லது அதற்குப் பின் வந்தது, மின்ட் என்றால் 21 அல்லது 22. உபுண்டு 22.04-க்கும் மின்ட் 21-க்கும் 2027 வரை அப்டேட் உண்டு, மின்ட் 22-க்கு 2029 வரை. 32 பிட் மட்டும் ஓடும் ப்ராசஸர் என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். 32 பிட் லினக்ஸுக்குக் குரோம் 2016-லேயே நின்றுவிட்டது.

படம் பார்க்கும் தளங்கள் வேறு வகை. ஃபயர்ஃபாக்ஸ் செட்டிங்ஸில் டிஆர்எம் (படத்தை நகலெடுக்காமல் தடுக்கும் பூட்டு) என்ற இடத்தில் டிக் போடாவிட்டால் பக்கம் திறக்கும், படம் மட்டும் ஓடாது. அதைக் கோளாறு என்று சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி (திருவொற்றியூர்): எம்டியு குறைத்தால் திறக்கிறது. மூன்று முறை சொல்லியும் கேபிள்காரர் "ஸ்பீடு டெஸ்ட்ல 100 வருது, எங்க கிட்ட பிரச்சினை இல்லை" என்கிறார். எங்கே போவது?

பதில்: ஸ்பீடு டெஸ்ட் அளப்பது பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு சர்வர் வரையுள்ள பாதையை. வங்கி வரை பாதை சரியாக இருக்கிறது என்பதற்கு அது சாட்சியாகாது.

முதலில் பில்லைப் பாருங்கள். தெருவில் கம்பி இழுத்தவர் பெரும்பாலும் ஏஜென்டாகத்தான் இருப்பார். லைசென்ஸ் வைத்திருக்கும் நிறுவனத்தின் பெயர் பில்லில் இருக்கும். அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் புகார் கொடுத்து டாக்கெட் நம்பர் (புகார் எண்) வாங்குங்கள். ஏஜென்டின் வாட்ஸ்அப்பில் சொன்னது புகார் ஆகாது. பில்லே தரமாட்டேன் என்றால் எழுத்தில் கேளுங்கள், பின்னால் அதுவே உங்களுக்கு ஆதாரம். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிகளின்படி 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிநபர் புகாரை நேரடியாக விசாரிப்பதில்லை, அங்கே எழுதி நாளைக் கடத்தாதீர்கள்.

கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கான ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனத்தின் தலைமையகம் டெல்லியில் இருந்தாலும் சரி. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, கோளாறு ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். 'டெலிகாம் வழக்கு நுகர்வோர் ஆணையத்துக்கு வராது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வரும் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆதாரத்துக்கு மூன்று படம் போதும்: எம்டியு 'ஆட்டோமேட்டிக்'கில் இருக்கும்போது தளம் தொங்கும் திரை, 1400-ல் அதே தளம் திறந்த திரை, போன் ஹாட்ஸ்பாட்டில் 'ஆட்டோமேட்டிக்'கிலேயே திறந்த திரை. மூன்றையும் ஒரே நாளில், அடுத்தடுத்து, மூலையில் கடிகாரம் தெரிகிற மாதிரி எடுத்து, டாக்கெட் நம்பரோடு மின்னஞ்சலில் அனுப்புங்கள்.