புறவாசல் சாய்ப்புக்கும் அனுமதி வேண்டுமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் மாநகராட்சி அனுமதி பெற்றுக் கட்டிய வீட்டில் குடியிருக்கிறோம். புறவாசலில், மதிலை ஒட்டிச் செங்கல் சுவர் எழுப்பி, மேலே தகரம் போட்டு, சாமான்கள் வைக்க ஒரு சாய்ப்பு இறக்க எண்ணியுள்ளோம். தகரக் கொட்டகைக்கு அனுமதி தேவையில்லை என்கிறார் கொத்தனார். பக்கத்து வீட்டு அண்ணாச்சியோ ஆட்சேபம் தெரிவிக்கிறார். எது சரி?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: கொத்தனார் சொல்வதை நம்பி வேலையைத் தொடங்கிவிடாதீர்கள், அம்மா. செங்கல், மரம், மண், உலோகம் என எதனால் எழுப்பினாலும் கொட்டகையும் கட்டடமே என்பதுதான் உள்ளாட்சிச் சட்டங்களின் நிலை. ஆகவே கூரை தகரமா, கான்கிரீட்டா என்பதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. அனுமதி பெற்ற உங்கள் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே வெற்றிடமாகக் காட்டப்பட்டிருக்கும் பகுதி, தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி கட்டாயமாக விட வேண்டிய இடைவெளியாக இருந்தால், அங்கே சுவர் வைத்த அறை எழுப்புவது விதிமீறலாகும். 2024 ஜூலையில் வந்த சுயசான்றிதழ் முறை, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீடுகளுக்கு அனுமதியை எளிதாக்கியது உண்மைதான். ஆனால் இடைவெளி விடும் கடமையை அது நீக்கவில்லை.

அண்ணாச்சியின் ஆட்சேபத்தையும் பொறாமை என்று ஒதுக்க வேண்டாம். இப்படி மதிலோடு ஒட்டிய ஒரு சாய்ப்பை ஐப்பசி மழையில் நான் நேரில் பார்த்திருக்கிறேன். தகர விளிம்பிலிருந்து சொட்டிய நீர் அடுத்த வீட்டுச் சுவரில் ஆளுயரத்துக்குப் பாசியாகப் படர்ந்திருந்தது. அந்த வீட்டின் படுக்கையறைச் சுவர் உள்ளேயும் ஓதம் காத்துக் கிடந்தது. அடுத்தவர் நிலத்தின் மீது ஒருவருக்குள்ள பயன்பாட்டு உரிமையைப் பற்றிய 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின்படி, இருபது ஆண்டுகள் தடையின்றி உரிமையோடு அனுபவித்து வந்த ஒன்றை உரிமையாகவே கோர இடமுண்டு. எனவே உங்கள் கூரை நீர் தம் மனையில் விழுவதை அவர் இப்போதே தடுக்க நினைப்பது நியாயமே. 2023 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட நம் ஊரில், வீட்டைச் சுற்றி மழைநீர் வடியும் இடத்தை அடைப்பது உங்களுக்கே ஆபத்து.

இடைவெளி போக மனையில் இடம் மிஞ்சினால், பதிவு பெற்ற பொறியாளரைக் கொண்டு கூடுதல் கட்டுமானத்துக்கு வரைபடம் தயாரித்து, ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். கூரைச் சரிவை உங்கள் முற்றத்தின் பக்கமே அமைத்து, விழும் நீரை மழைநீர்த் தொட்டிக்குக் குழாய் வழியாக விடுங்கள். இடம் மிஞ்சாவிட்டால் சாமான்களுக்கு வீட்டுக்குள்ளேயே பரண் அமைத்துக்கொள்வது நல்லது.