மாதச் சர்வீஸ் வீண் செலவா? மின்தூக்கி பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் எங்களுக்கு நான்கு மாடிக் கடைவீடு இருக்கிறது. ஒரே மின்தூக்கி, 8 பேர், 630 கிலோ. கோளாறே வந்ததில்லை. மாதா மாதம் சர்வீஸ் அவசியமா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதாதா?

போதாது. கட்டட, கட்டுமான ஆணையத்தில் பதிவுபெற்ற நிறுவனம் மாதம் ஒருமுறையாவது பராமரிக்க வேண்டும் என்பது சட்டம். 2016இல் விதிகள் கடுமையாயின. ஆண்டுதோறும் சோதனை முடித்து, இயக்க அனுமதி பெற்று, அதை மின்தூக்கிக்குள் பார்வையில் வைக்க வேண்டியது உரிமையாளர் பொறுப்பு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை முழு எடை ஏற்றியும் சோதிக்க வேண்டும்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், மாதச் சர்வீஸ் ஏன் தேவை என்பதற்குப் பிரேக்கையே எடுத்துக்கொள்வோம். கம்பிவடத்தின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடை, காலிப் பெட்டியின் எடையோடு அது சுமக்கும் பாரத்தில் ஏறக்குறைய பாதியும் சேர்ந்தது. உங்கள் மின்தூக்கியில் காலிப் பெட்டியைவிட அது சுமார் 300 கிலோ அதிகம் இருக்கும். அதனால் பிரேக் பிடிக்காவிட்டால், ஒருவர் மட்டும் நிற்கும் பெட்டி கீழே போகாது, மேலே ஏறும். கதவு திறந்திருந்து, ஒருவர் ஒரு காலை உள்ளே வைத்திருக்கும் நேரத்தில் அது நடந்தால் உயிருக்கே ஆபத்து.

பிரேக் ஒரே நாளில் கெடுவதில்லை. அதில் உராயும் பட்டையான லைனிங் தேயும். கியர்பாக்ஸ் எண்ணெய் கசிந்து, பிரேக் பிடிக்கும் உருளையான டிரம்மில் படியும். சில சமயம் பிரேக் முழுதாக விடாமல் உரசியபடியே ஓடிச் சூடாகும். இயந்திர அறைக்குப் போய் மூடியைக் கழற்றிப் பார்த்தால்தான் இதெல்லாம் தெரியும். பழைய மின்தூக்கி தளத்தோடு மட்டமாக நிற்காமல் 10 மி.மீ.க்கு மேல் ஏறியோ இறங்கியோ நின்றால் அன்றே ஆளைக் கூப்பிடுங்கள். கம்பிவடத்தில் செங்கல் பொடிபோலச் சிவப்புத் தூசு படிந்திருந்தால் இழைகள் உள்ளுக்குள் துருப்பிடித்துத் தேய்கின்றன என்று பொருள். மேலே எண்ணெய் தடவிவிட்டுப் போக அனுமதிக்காதீர்கள்.

இயந்திர அறை, பெட்டியின் மேற்பகுதி, அடிக்குழி என்று மூன்று இடங்களிலும் வேலை இருக்கிறது. கால் மணி நேரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புபவர் மூன்றையும் பார்த்திருக்க முடியாது. மலிவான ஒப்பந்தத்தில் முதலில் குறைவது இந்த நேரம்தான்.

கேள்வி: எங்கள் கூட்டுரிமைக் குடியிருப்பில் ஐந்தாம் மாடியில் மட்டும் கதவு மூடி மூடித் திறக்கிறது. தொழில்நுட்பர் வந்து ரீசெட் செய்துவிட்டுப் போகிறார். இரண்டே நாளில் மறுபடியும் அதே கதை.

ஒரே மாடியில் என்றால் அந்த மாடிக் கதவில்தான் கோளாறு. பெட்டிக் கதவில் இருந்தால் எல்லா மாடியிலும் காட்டும். அந்த மாடியில் ஏதாவது வீட்டில் புதுப்பிப்பு வேலை நடக்கிறதா என்று பாருங்கள். சிமெண்டு மணல், ஓட்டுச் சில்லு, ஒரு சிறு திருகாணி, இதில் எது கதவு ஓடும் பள்ளத்தில் விழுந்தாலும் கதவு கடைசி அரை அங்குலத்தில் தட்டி நிற்கும். பூட்டின் மின்தொடர்பு சேராது, மின்தூக்கி நகராது. ரீசெட் செய்தால் அந்தத் திருகாணி எங்கே போகும்?

பள்ளத்தை உலர்ந்த பிரஷ்ஷாலும் வேக்குவத்தாலும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவவே கூடாது, அது நேரே அடிக்குழிக்கு இறங்கும். அதன் பிறகும் தீராவிட்டால் அந்தக் கதவைத் தாங்கி ஓடும் தொங்கு உருளைகளையும் பூட்டின் மின்தொடர்பையும் சோதித்து, கண்டதைப் பதிவேட்டில் எழுதித் தரும்படி கேளுங்கள். ‘ரீசெட் செய்யப்பட்டது’ என்ற வரியை ஏற்காதீர்கள்.

கேள்வி: மின்சாரம் போய் நடுவில் நின்றுவிட்டால்?

தானியங்கி மீட்புக் கருவி இருந்தால் அருகிலுள்ள தளத்துக்குப் போய்க் கதவைத் திறந்துவிடும், பேட்டரி நன்றாக இருந்தால். நம் ஊர் வெக்கையில் பேட்டரி சீக்கிரம் தளரும். சர்வீஸின்போது மெயின் சுவிட்சை அணைத்து இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். அவசர விளக்கு, மணி, இன்டர்காமையும் அப்போதே பார்த்துவிடலாம். யாராவது மாட்டிக்கொண்டால் காவலாளி கதவை நெம்பவே கூடாது. இரு தளங்களுக்கு நடுவே நிற்கும் பெட்டியிலிருந்து குதித்து இறங்குபவர், அதன் அடியிலுள்ள இடைவெளி வழியாகக் குழிக்குள் விழக்கூடும். நிறுவனத்தின் அவசர எண்ணை அழையுங்கள். உள்ளே இருப்பவருக்கு உடல்நிலை சரியில்லை என்றால் உடனே ஆம்புலன்ஸுக்கு 995.