அணுவுக்கும் தலையெழுத்து இரிக்கா?

கேள்வி: எங்கட அம்மம்மா எதுக்கெடுத்தாலும் "எல்லாம் அவன் எழுதின எழுத்து மனே" எண்டுவா. நியூட்டன்ட விதியப் படிச்சா அதுவும் அப்பிடித்தான் இரிக்கு. ரியூசன் சேர், அணு மாதிரிச் சின்னத் துகள்கள்ட கதையச் சொல்லுற குவாண்டம் பௌதிகம் வந்தாப்போல எழுத்துமில்ல ஒண்டுமில்ல எண்டுறார். ஆர்ட கத சரி?
– ஏ.எல். படிக்கிற பொடியன், களுவாஞ்சிக்குடி

பதில்: தம்பி, அம்மம்மாவுக்குத் துணையா பிரான்ஸ்ல ஒரு பெரிய ஆள் இருந்தார். லாப்லாஸ் எண்டவர். உலகத்தில உள்ள அத்தன துகளும் இப்ப எங்க இரிக்கு, எந்தெந்த விச அதுகள இழுக்குது எண்டு முழுக்கத் தெரிஞ்ச ஒரு புத்தி இருந்தா அதுக்கு நாளைக்கு நடக்கப்போறதும் நேத்தையான் மாதிரித் தெரியும் எண்டு 1814ல எழுதினார். கல்லடிப் பாலத்துக்குக் கீழ வலை வீசுறவருக்கு மீன் படுமா எண்டு தெரியா, ஆனா மீன் எங்கயோ ஒரு இடத்தில நிக்குதானே, அந்த மாதிரி.

குவாண்டம் சொல்லுறது வேற. ஒரு வாழைப்பழத்த எடுங்க, அதில பொட்டாசியம் இரிக்கு, அதில துளியூண்டு கதிர் வீசுற பொட்டாசியம்-40, ஒரு பழத்தில செக்கனுக்கு 15 அணு அளவில உடைஞ்சுகொண்டே இரிக்கும் (பயப்படாம சாப்பிடுங்க). பக்கத்துப் பக்கத்தில ரெண்டு அணு, ஒரு வித்தியாசமும் இல்ல, ஒண்டு இப்ப உடையுது, மத்தது 100 கோடி வருஷம் போனாலும் அப்பிடியே கிடக்கும். ஏன் இது, ஏன் அது இல்ல? தியரியில பதில் இல்ல.

ஐன்ஸ்டைனுக்கு இது புடிக்கல்ல, நமக்குத் தெரியாத ஏதோ உள்ளுக்க இரிக்கு எண்டே நிண்டார். 1964ல ஜோன் பெல் எண்ட பௌதிக விஞ்ஞானி அதச் சோதிக்க வழி காட்டினார், செஞ்சு பாத்த ஆக்களுக்கு 2022ல நோபல் பரிசும் கிடைச்சது. ஒவ்வொரு துகளும் தன்ட எழுத்தத் தன்ட மடியில கட்டிக்கொண்டு திரியுது எண்ட கத சரிவரல்ல.

ஆனா உங்கட சேரும் கொஞ்சம் அவசரப்படுறார். எழுத்து இரிக்கலாம் எண்டு 1952ல டேவிட் போம் எண்ட இன்னொரு பௌதிக விஞ்ஞானி கணக்குப் போட்டே காட்டினார், என்ன, இங்க உள்ள துகள்ட எழுத்து எங்கயோ தூரத்தில உள்ளதையும் அந்தக் கணமே பாத்து எழுதப்படணும். அதுக்கு ஓம் சொல்ல கன பேருக்கு மனமில்ல.

மறுகா, எழுத்து இல்லாட்டி எல்லாம் நம்மட கையில எண்டும் வராது, அணு உடையிறது உங்களக் கேட்டு இல்லையே.

அம்மம்மாட்ட ஒண்டு கேளுங்க. மாமாங்கக் கோயிலுக்கு அவ நேத்தி வைக்கிறது எதுக்கு? எழுத்த மாத்தத்தானே? அப்ப அவ லாப்லாஸ்ட கட்சியும் இல்ல.