தள்ளுபடிக் கடைக்கு மாறியும் பில் குறையவில்லையா?

நாலு பேர் குடும்பம், அண்ணாச்சி கடையை விட்டுத் தள்ளுபடி சூப்பர் மார்க்கெட்டுக்கு மாறியும் மாதச் செலவு 9,000 ரூபாயிலிருந்து இறங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பில்லை எடுத்து மளிகையை மட்டும் தனியாகக் கூட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டில் பருப்பிலும் எண்ணெயிலும் மிச்சமானதெல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பா, இரண்டு டீ-ஷர்ட், பிஸ்கட் காம்போ என்று போயிருந்தது. தள்ளுவண்டி வேண்டாம், கைக்கூடை எடுங்கள். கை வலித்தால் தானாக நிறுத்துவீர்கள்.

அப்புறம் அளவு. ஒரே மாதிரி தெரியும் எண்ணெய் பாக்கெட்டில் ஒன்று 1 லிட்டர், பக்கத்தில் இருப்பது 850 மில்லியாக இருக்கும். ஒரு மில்லி என்ன விலை என்று பாக்கெட்டில் பொடி எழுத்தில் போட்டிருப்பது எம்.ஆர்.பி. கணக்கு. கடை விலையை நீங்களே வகுத்துப் பாருங்கள்.

ரேஷன் கார்டு இருந்தும் வாங்குவதில்லை என்றீர்களே, அதுதான் எனக்குப் புரியவில்லை. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. கார்டுக்கு ஒன்றுதான், சரி, ஆனால் எந்தக் கடை அந்த விலைக்குத் தரும்? காய்கறிக்கு உழவர் சந்தை. காலையிலேயே போய்விடுங்கள்.